முந்நூறு ரூபாய்க்கு ஒரு வருத்தக் கடிதம்

வரவு பதிந்து பேங்கிலிருந்து வந்திருந்த என் பாஸ்புத்தகத்தை இன்று காலை திறந்தேன். மாதம் தொண்ணூறு ரூபாய் சம்பளம் வாங்கும் வாத்தியாரின் கணக்கில் முந்நூறு ரூபாய் புதிதாக ஏறியிருந்தது.

சர்க்கார் என் அருமையை உணர்ந்துவிட்டது என்று நம்ப ஆசைதான். முடியவில்லை.

திருமயத்தில் பஸ் ஏறிப் புதுக்கோட்டை பேங்குக்குப் போய்ச் சொன்னேன்.

“பேங்க்ல தப்பெல்லாம் நடக்காதுங்க,” என்றார் குமாஸ்தா, தலை நிமிராமல்.

பக்கத்தில் ஒரு விவசாயி நின்றிருந்தார். மகளுக்கு நாளை மறுநாள் கல்யாணம். பினாங்கிலிருந்து மகன் அனுப்பிய முந்நூறு ரூபாய்க்காக மூன்று நாளாக நடக்கிறாராம்.

“ஒங்க பேரு என்னங்க?” என்றேன்.

“முத்தையா.”

என் பெயரும் அதுதான்.

“இவர் பணந்தாங்க என் கணக்குல கெடக்கு,” என்றேன். இப்போது குமாஸ்தா நிமிர்ந்தார். எங்கள் இருவரையும் மேனேஜரிடம் அழைத்துப் போனார்.

மேனேஜர் பேரேட்டைப் பார்த்துவிட்டு ஒரு வெள்ளைத்தாளை என்னிடம் நீட்டினார். “அடுத்தவர் பணத்தை வச்சிருந்ததுக்கு வருத்தம் தெரிவிச்சு எழுதிக் குடுங்க சார். அப்பத்தான் மாத்த முடியும்.”

சண்டை போட வாயெடுத்தேன். விவசாயி என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதிக் கொடுத்தேன்.

விவசாயி பணத்தை மடியில் முடிந்துகொண்டு, வாசலில் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து, “இருக்கட்டுங்க,” என்றேன்.

“படிச்சவரு நீங்க. இனிமே யார்கிட்டயும் இப்படிச் செய்யாதீங்க,” என்றார்.

கல்யாணத்துக்கும் அழைக்கவில்லை.

நண்பர்களே, உங்கள் கணக்கில் இப்படிப் பணம் வந்தால் என்ன செய்வீர்கள்? எழுதுங்கள். வருத்தக் கடிதம் வேண்டுமென்றால் வாசகம் எனக்கு மனப்பாடம்.