ஒரு வலி, ஒரு பீஸ்

மெர்சி என்ற பெயரை நான் முதலில் கேட்டது வேல்விழியின் இடுப்பு வலிக்கு நடுவில்தான். "மெர்சியக்காவ வரச் சொல்லுங்க ஆச்சி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே அழுகை.

பிள்ளைப்பாக்கத்தில் என் மாடி அறையில் குடியிருந்து கம்பெனி வேலைக்குப் போய்வந்த பெண் அவள். தலைப்பிரசவம். தாய் அப்போதுதான் சங்கரன்கோவிலில் பஸ் ஏறியிருந்தாள். ஆஸ்பத்திரியில் புருஷன் வாசலோடு சரி; உள்ளே ஒரு பொம்பளைத் துணைக்குத்தான் இடம். என் முழங்காலோ நிற்க விடாது. தனியாகப் போனால் திட்டுவார்கள், ஊரில் அவள் அக்காளைப் பிரசவத்தின்போது தொடையிலேயே அடித்தார்களாம். வலியைவிட அந்தப் பயம்தான் அவளுக்கு.

ஷிப்டு முடிந்த கையோடு, கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றாமல் ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றாள் மெர்சி. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எனக்குப் பழக்கமான மணிமங்கலம் ஏசுவடியான் பேத்தி. அதே மூக்கு, அதே வாய்.

நர்ஸ் கனகலட்சுமி மறித்தாள். "நீ இன்னா வேணும் இவளுக்கு?"

"கம்பெனி லைன்ல இவ பக்கத்துல நிக்கிறேன் சிஸ்டர்."

"அதெல்லாம் ஒரு சொந்தமா?"

"டெய்லி எட்டு மணி நேரம் நிக்கிறேன். இவ வூட்டுக்காரரு அவ்ளோ நேரம் பக்கத்துல நின்னுகீறாரா, கேளுங்க."

வாசலில் நின்ற புருஷன் சக்திகுமார் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். கனகலட்சுமி சிரித்துவிட்டாள், வழியும் விட்டாள்.

உள்ளே போனதும் மெர்சி அவளுக்குத் தலையைச் சீவி இரட்டைப் பின்னல் போட்டாளாம். பிறகு வராந்தாவில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டதெல்லாம் மெர்சியின் குரல்தான். அவர்கள் கம்பெனி லைனில் ஒரு பீஸ், அதாவது ஒரு பொருள், செய்து முடிய ஐம்பது செகண்டு. "ஒரு வலி ஒரு பீஸுடி. எண்ணு. போச்சா? அடுத்தது வர்ற வரைக்கும் மூச்சு வுடு."

"முடியலக்கா, லைன நிறுத்துங்க!"

"லைனு நிக்காதுடி. நான் கீறேன்ல!"

விடிவதற்குள் "ஓக்கே பீஸு! ஆயா, பொண்ணு!" என்று வராந்தாவே அதிர என்னைக் கூப்பிட்டுக் கத்தினாள்.

மூன்றாம் நாள், கவனிப்பு திருப்தியா என்று ஒருத்தி தாளோடு வந்து கேட்டாள். வேல்விழி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என்னைய யாரும் ஒரு சொல்லு அதட்டல. நல்லா பெருசா எழுதுங்க."

அதற்குப் பிறகு மெர்சி துணை நின்றது ஒன்பது பிரசவம். துணையில்லாத பெண் வந்தால் கனகலட்சுமியே போன் போடுகிறாள். உறவு என்ற இடத்தில் மெர்சியைக் கேட்காமல் அவளே 'அக்கா' என்று எழுதிவிடுகிறாள்.

இன்று காலை துணையில்லாத இன்னொரு பெண், கவிப்பிரியாவுக்கு வலி எடுத்தது. மெர்சி இப்போது உள்ளே இருக்கிறாள்.