விழாதவன்

நரின் என்ற மலையூரில் கால்பந்துக்கு நடுவராக வருவதற்கு முன்பு தாலாய்பெக், குதிரை மேலிருந்து ஆட்டுடலைப் பறிக்கும் ஆட்டத்துக்குத்தான் நடுவர். அங்கே விழுந்தவன் தானே எழுந்துவிடுவான். அந்தப் பழக்கத்தில்தான் போன மாதம், எதிரணிப் பையன் நூர்தின் மோதியதில் சாய்ந்த எர்மெக்கைப் பார்த்து, "நடிக்காம எழுந்திரிடா" என்றார். எர்மெக்கின் கால் எலும்பு இரண்டாக முறிந்திருந்தது.

அதிலிருந்து யார் விழுந்தாலும் விசில் ஊதிவிடுகிறார். இது தெரிந்ததும் பயல்கள் காற்றடித்தாலே விழுகிறார்கள். எவன் வலியும் நிஜமென்று அவருக்கு நம்பிக்கையில்லை, ஊதாமலிருக்கத் துணிச்சலுமில்லை.

இன்று எர்மெக்கின் அணி, நூர்தினைத் தேடித் தேடி உதைத்தது. அவன் ஒருமுறைகூட விழவில்லை. விழாததால் அவரும் ஊதவில்லை. பழி தீர்க்கத்தான் கோபத்தை அடக்கி வைத்திருக்கிறான் என்று நினைத்து அவன் பின்னாலேயே ஓடினார். அவன் யாரையும் தொடக்கூட இல்லை. அது அவர் சந்தேகத்தை இன்னும் கிளப்பியது.

இடைவேளையில் அவனை மடக்கினார். "என்னடா திட்டம் வெச்சிருக்க? ஏன் விழ மாட்டேங்கிற?"

"நான் விழுந்தா நடிப்பும்பாங்க, அண்ணே. எர்மெக்கையே நீங்க நம்பலையே."

அப்போதும் அவர் நம்பவில்லை. குனிந்து அவன் காலுறையை இறக்கிப் பார்த்தார். கணுக்கால் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது.