நூறு எண்ணும் வரை

அக்காவின் மோவாயில் எப்போதும் ஒரு புள்ளி இருக்கும். மச்சம் இல்லை, மை. துணி மேலிருந்து அச்சுச் சட்டத்தைத் தூக்கியதும் அச்சின் ஓரத்தை மோதிர விரல் நுனியால் தொடுவாள். தொட்ட விரலை, எதையோ யோசிப்பவள் போல, மோவாயில் வைப்பாள். ஈரம் இருந்தால் ஒட்டும், காய்ந்திருந்தால் ஒட்டாது. விரலை அவள் பார்ப்பதே இல்லை. புள்ளியின் நிறத்தை வைத்தே அன்றைய வேலையைச் சொல்லிவிடலாம். பச்சை என்றால் டியூஷன் சென்டர் பைகள். கறுப்பு என்றால் கராத்தே வகுப்பு பனியன்கள். நீலம் இருந்தது ஒன்பது நாள்தான்.

இந்த அச்சு வேலைக்கு முன் பதினோரு வருடம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் இருந்தாள். தைத்து வரும் துணியைத் திருப்பி, உதறி, பிசிறு பார்த்து அனுப்பும் வேலை. அங்கே கழிப்பறைக்குப் போக மணி உண்டு. காலையில் ஒருமுறை அடிக்கும், மதியத்துக்குப் பிறகு ஒருமுறை. "எனக்கு எப்ப வரும்னு அந்த மணிக்கு எப்படிடா தெரியும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்பாள். ஒருநாள் மணிக்கு முன்னால் எழுந்துபோனவளைக் கதவருகே சூப்பர்வைசர் நிறுத்தி, இடத்துக்கே திருப்பி அனுப்பினார். அன்று வீட்டுக்கு வந்தவள் நேராகக் குளியலறைக்குள் போனாள். புடவையை அலசும் சத்தம் வெகுநேரம் கேட்டது. மறுநாளிலிருந்து அவள் வேலைக்குப் போகவில்லை.

மாமா, அவள் கணவர், லிஃப்ட் மெக்கானிக். மோசமான மனிதர் இல்லை. எதற்கும் ஒரு கெடு வைப்பார், அவ்வளவுதான். "ஆறு மாசம். அதுக்குள்ள நிலையா நிக்கிற மாதிரி ஒரு வேலை பிடிச்சுக்காட்டு. இல்லேன்னா மறுபடி மணிதான்" என்றார். அக்கா தலையாட்டினாள். பிரிண்டிங் கடை ஒன்றில் இரண்டு வாரம் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டு வந்தாள். மரச்சட்டத்தில் சன்ன வலைத்துணியை இழுத்து அறைந்தாள். பழைய கதவின் கீல்களைக் கழற்றிச் சட்டத்தை மேஜையோடு பூட்டினாள். அந்த மேஜை வந்ததில் இடம் போனது எனக்கு. ஒரு நேர்முகத் தேர்வுக்காக அந்த வீட்டுக்கு வந்தவன் நான். வேலை கிடைக்கவில்லை. நானும் கிளம்பவில்லை. முன்னறையில் படுத்திருந்தவன் மேஜைக்கு அடியில் படுக்க ஆரம்பித்தேன்.

"என்ன கவிஞரே, கீழ் பெர்த் வசதியா இருக்கா?" என்பார் மாமா. என் பையில் இருந்த புத்தகங்களைப் பார்த்ததிலிருந்து நான் அவருக்குக் கவிஞர். நான் பதில் சொல்வதில்லை. அதற்கு இன்னொரு பெயர், ஊமைக்கோட்டான்.

இருட்டறைக்குக் குளியலறையை விட்டால் வேறு இடமில்லை. வலையில் மருந்து தடவி, வெளிச்சம் படாமல் காயவைக்க வேண்டும். பிறகு படம் வரைந்த தாளை அதன் மேல் வைத்து விளக்கைக் காட்டினால், வெளிச்சம் பட்ட இடம் இறுகும், படாத இடம் தண்ணீரில் கரைந்து மைக்கு வழிவிடும். காய்கிற அந்த இரண்டு மணிநேரம் யாரும் உள்ளே போகக்கூடாது.

"கதவைத் தொறடி, வேலைக்கு நேரமாச்சு."

"வெளிச்சம் பட்டா சட்டம் கெட்டுடும்ங்க."

"குளிக்காமப் போனா நான் கெட்டுடுவேன். லிஃப்டுல ஏறுறவன் எல்லாம் படியில இறங்கிடுவான்."

கடைசியில் எதிர்வீட்டில் குளித்துவிட்டுப் போவார்.

ஐந்தாவது மாதக் கடைசியில் சலவைக்கூடத்துக்காரர் வந்தார். மூன்று மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுப்பவர். எல்லாமே வெள்ளை. எது எவருடையது என்று பிரிப்பதே அவருக்குப் பெரும்பாடு. ஒரு மூலையில் மருத்துவமனை முத்திரையும் வார்டு எண்ணும் நீலத்தில் அச்சடித்துத் தர முடியுமா என்று கேட்டார்.

"முதல்ல முன்னூறு தரேன்மா, ஒன்பது நாள்ல வேணும். கொதிக்கிற தண்ணி, சோடா, எங்க மெஷின் சும்மா விடாது. நாலு சலவை தாங்கிட்டா மிச்சம் ரெண்டாயிரமும் உங்களுக்குத்தான். வருஷா வருஷம் புதுசும் வரும்."

அவர் போனதும் அக்கா மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நிலையா நிக்கிற வேலைடா" என்றாள். மாமாவின் வார்த்தை அது.

மை சீக்கிரமே காய்ந்துவிடும். ஆனால் காய்வது வேறு, பிடிப்பது வேறு. அச்சின் மேல் மெல்லிய துணி போட்டு, முழுச் சூட்டில் அயர்ன் பாக்ஸை வைத்து, நூறு எண்ண வேண்டும். அதற்குப் பிறகுதான் மை நூலுக்குள் இறங்கி நிற்கும். குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது; விரலுக்கும் தெரியாது, மோவாய்க்கும் தெரியாது. சுடுதண்ணீருக்கு மட்டும் தெரியும். அக்கா உதடு அசைய எண்ணுவாள். யாராவது பேசினால் மறுபடி ஒன்றிலிருந்து. இப்படி நூற்று எண்பது விரிப்புகளை ஒருத்தியாகவே அச்சடித்துத் தேய்த்து முடித்தாள். இரண்டு நாள் மீதி, நூற்று இருபது விரிப்புகள் மீதி. மணிக்கட்டு வீங்கிவிட்டது.

"நான் அச்சு போடறேன். நீ தேய்" என்று அயர்ன் பாக்ஸை என்னிடம் கொடுத்தாள். "வேகமா எண்ணாதடா. ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல மூச்சு விடு."

மாமா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "பாத்துப் பாத்துதான் ஆள் பிடிச்சிருக்கே. கவிஞரே, இதுலயும் சொதப்பினீங்க, உங்க பெட்டியை நானே லிஃப்டுல ஏத்திக் கீழ அனுப்பிடுவேன். நீங்க படியில வரலாம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அக்கா சிரிக்கவில்லை.

முதல் பத்து விரிப்புகளுக்கு எண்ணினேன். எண்களில் எனக்குப் பிடிமானம் இல்லை, எழுபதுகளில் தொலைந்துபோனேன். அந்த நாட்களில் ஒரு கவிதை எழுதிக்கொண்டிருந்தேன். மனதுக்குள் நிதானமாகச் சொல்லிப் பார்த்தபோது அது சரியாக நூறு எண்ணிக்கைக்கு வந்தது. சுவர்க் கடிகாரத்தை வைத்து இரண்டு முறை சரிபார்த்தேன். அதன்பின் ஒரு விரிப்புக்கு ஒரு முறை கவிதை என்று வேலை ஓடியது. விரிப்புகள் மாற மாற, கவிதையும் மாறியது. ஒரு சொல் தேவையில்லை என்று பட்டது, எடுத்தேன். ஒரு வரி சும்மா நின்றது, எடுத்தேன். இரண்டாம் நாள் மதியத்துக்குள் பாதிக் கவிதை போய்விட்டிருந்தது. மிச்சம் நன்றாக இருந்தது.

அக்கா முடித்தவற்றை மடித்து அடுக்கிக்கொண்டே ஊசியில் சிவப்பு நூல் கோத்து ஒவ்வொரு விரிப்பின் ஓர மடிப்பையும் திருப்பி என்னவோ செய்தாள்.

"என்னக்கா அது?"

"பழைய பழக்கம்டா. பிசிறு இருந்தா கை சும்மா இருக்காது" என்றாள்.

பதினோரு நாள் கழித்து சலவைக்கூடத்துக்காரர் ஒரு விரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார். மூலையில் முத்திரை இருந்த இடத்தில் கன்றிப்போன தோல் போல ஒரு நீலத் திட்டு.

"ரெண்டாவது சலவையிலேயே ஓடிருச்சும்மா. எல்லாம் இல்ல. ஆனா நூத்துச் சொச்சம். அடுத்த ஆஸ்பத்திரி விரிப்புலயும் நீலம் ஏறிக்கிச்சு. அவங்க போன்ல கத்துறாங்க."

"நான் வந்து பாக்கணும்" என்றாள் அக்கா. நான் வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று தனியாகப் போனாள். திரும்பி வந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை. மேஜை மேல் இருந்த அயர்ன் பாக்ஸை எடுத்து, வயரைச் சுற்றி, அலமாரியின் மேல் தட்டில் வைத்தாள்.

மாமா வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "இவன் தேச்சதா?"

நான் சுவரைப் பார்த்தேன்.

"நான் தேச்சதும் ஓடியிருக்கு, அவன் தேச்சதும் ஓடியிருக்கு. ரெண்டும் கலந்துதான்" என்றாள் அக்கா. "அயர்ன் பெட்டிதான் கோளாறு. சூடு ஒரே சீரா நிக்கல."

"உறுதியா?"

"பதினோரு வருஷம் செக்கிங்ல இருந்தவகிட்ட கேக்கறீங்களா?"

மாமா அயர்ன் பாக்ஸை இறக்கிக் கழற்றிப் பார்த்தார். கோளாறு எதுவும் அவருக்குத் தட்டுப்படவில்லை. "லிஃப்டுலயும் இப்படித்தான், நாம போய் நின்னா ஒழுங்கா ஓடும்" என்று மறுபடி பூட்டினார். எனக்குள் என்னவோ இறங்கி உட்கார்ந்தது. அது நிம்மதிதான் என்று எழுத இப்போதும் கை கூசுகிறது. கவிதை நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் அக்கா தேய்த்ததும் ஓடியிருக்கிறது என்று அவளே சொன்ன பிறகு, நான் எதைச் சொல்வது? சொல்லாமல் இருப்பது எனக்குக் கைவந்த கலை.

அயர்ன் பாக்ஸை நம்பி ரெண்டாயிரம் விரிப்பைத் தரமுடியாது என்று சலவைக்கூடத்துக்காரர் வேலையைப் பெரிய அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆறு மாதம் முடிந்தது. மாமா வாய்திறந்து எதுவும் கேட்கவில்லை. கெடு முடிந்த மறுநாள் காலை அக்கா தானாகவே பழைய அடையாள அட்டையைத் தேடி எடுத்தாள். அதே சூப்பர்வைசரிடம் போய் நின்று திரும்ப வேலை வாங்கினாள். மேஜையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, "இனி நீ நிமிர்ந்து படுக்கலாம்டா" என்றாள். அதன்பின் அவள் மோவாயில் எந்த நிறப் புள்ளியும் விழவில்லை.

இரண்டு வருடம் ஆகிறது. எனக்கு மின்கணக்கு எடுக்கும் வேலை கிடைத்தது. அக்கா இன்னும் மணிக்குத்தான் எழுந்துபோகிறாள். சென்ற மாதம் புதிய பகுதி ஒன்றை எனக்கு ஒதுக்கினார்கள். அந்தத் தெருவில் சலவைக்கூடமும் இருந்தது. மீட்டர் உள்பக்கம், கொதிகலனுக்குப் பின்னால். சலவைக்கூடத்துக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"அக்கா எப்படி இருக்காங்க தம்பி? ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்கு வந்து முன்னூறையும் ஒவ்வொண்ணா மடிப்பைத் திருப்பிப் பாத்தாங்க. உள்ள சிவப்பு நூல்ல தையல். சிலதுல ஒண்ணு, சிலதுல ரெண்டு. நானும் கூடவே நின்னு பாத்தேன். ஒத்தைத் தையல்ல ஒண்ணுகூட ஓடல தம்பி, இன்னிக்கு வரைக்கும் அப்படியே இருக்கு, வாங்க காட்டறேன். ஓடினது பூரா ரெட்டைத் தையல். அது என்னம்மா கணக்குன்னு கேட்டேன். 'ரெட்டைத் தையல் போட்ட அன்னிக்குப் பெட்டி சரியில்லைங்க'ன்னாங்க. இதை யார்கிட்டயும் சொல்ல வேணாம்னும் சொன்னாங்க. பெட்டி சரியில்லைங்கறதுல மறைக்க என்ன இருக்கு?"

ரெட்டைத் தையல் எத்தனை இருந்தது என்று கேட்டேன்.

"எண்ணித்தானே பிரிச்சோம்" என்றார். "நூத்தி இருபது."