அக்காவின் ஒற்றை உண்ணி

செய்தி வந்தபோது காலை ஏழு நாற்பது. அக்காவின் கணவர்தான் பேசினார். "அக்கா போயிட்டாடா. தூக்கத்துலயே," என்றார். "சரி மாமா, வரேன்," என்றேன்.

அக்கா கால்நடை மருத்துவமனையில் இருபத்தாறு வருடம் உதவியாளர். மாடுகளைப் பிடித்துக்கொள்வதும் கூண்டு கழுவுவதும் வேலை. உண்ணி எடுப்பதற்கு மட்டும் டாக்டரே அவளைக் கூப்பிடுவார். இடுக்கியைத் தோலோடு ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுப்பாள். தெருவில் அவளுக்கு 'உண்ணி டாக்டர்' என்று பெயர். கிண்டல்தான்.

மூன்று வருடம் முன்பு, லாரியில் வந்திறங்கிய வெளியூர்ப் பசுவின் காதில் அதுவரை பார்த்திராத உண்ணி ஒன்றை எடுத்தாள். சில மாதங்களில் அதே வகை, எங்கள் குடியிருப்பிலிருந்து பள்ளிக்குப் போகும் புல்வெளிப் பாதையில் திரியும் நாய்கள்மேல் ஏறியிருந்தது. எதிர்வீட்டு டிரைவரின் மகள் பத்து நாள் காய்ச்சலில் கிடந்தாள். அவள் தலைமுடிக்குள்ளிருந்து அக்கா எடுத்ததும் அதுதான்.

பாதையை மூடச் சொல்லி நகராட்சி சுகாதார அதிகாரியிடம் போனாள்.

"உண்ணி இல்லாத ஊர் எதும்மா? நீங்க மாட்டப் பிடிங்க, போதும்."

அந்த வகையில் அதுவரை எடுத்த அறுபத்து மூன்றில் ஒன்றுகூட ஆண் இல்லை என்பது அக்காவை உறுத்தியது. ரத்தம் குடித்து உப்பிய ஒன்றை மட்டும் தனியாகக் குப்பியில் அடைத்து அலமாரியில் வைத்தாள்.

"எனக்கே வீட்டுல இடமில்ல. இதுக்குத் தனி அறையா?" என்றார் மாமா.

"அது காப்பி கேக்கலியே," என்றாள்.

இரண்டு மாதத்தில் குப்பிக்குள் மிளகாய் விதையிலும் சிறிதாக ஆயிரக்கணக்கில் குஞ்சுகள் ஊர்ந்தன. அதைக் கொண்டுபோய் அதிகாரியின் மேசையில் வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் சார் போட்டேன்."

அவர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "மூடி இறுக்கமா இருக்குல்ல?"

"இதுக்கு இருக்கு சார். பாதைக்குத்தான் மூடி இல்ல."

குப்பி பரிசோதனைக் கூடத்துக்குப் போனது. ஆண் துணையே இல்லாமல் பெருகும் வகை, வேறு நாட்டிலிருந்து வந்தது என்று பதில் வந்தது. அந்த வாரமே பாதையை மூடிப் புல்லை வெட்டினார்கள். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் எந்தக் குழந்தைக்கும் அந்தக் காய்ச்சல் வரவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் என் அக்கா. அவள் சொன்னதை ஒரு நகராட்சியே கேட்டது.

இன்று எதிர்வீட்டு டிரைவர் மகளோடு வந்து அக்காவின் தலைமாட்டில் நின்றார். "டாக்டரம்மாவ நல்லாப் பாத்துக்கம்மா," என்றார் மகளிடம். தெருவில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை பாதையைத் திறப்பதாக இருந்தார்கள், அக்கா சரி என்று சொன்னால். பாதையைப் பன்னிரண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் புல்மேல் வெள்ளைப் போர்வையை இழுத்து, ஒட்டும் உண்ணிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அவளுடைய நோட்டில் பதினொரு துண்டுகளுக்கு நேரே பூஜ்யம் இருக்கிறது. பள்ளி வாசலை ஒட்டிய பன்னிரண்டாவது துண்டில் இன்னும் போர்வை இழுக்கவில்லை.