கண்ணீர் கேட்ட ரேடியோக்காரர்கள்

"மேடம், நீங்க எடுத்துட்டு வந்த பேட்டி ஒண்ணுலகூட யாரும் அழலையே! இதை வெச்சு நான் சென்னை ஆபீசுக்கு என்னன்னு பதில் சொல்றது?"

இப்படி எகிறியவர் திட்ட அதிகாரி பிரவீன். என் மகன் வயசு. விருத்தாசலத்தில் நடக்கும் சமூக வானொலியால் ஜனங்களின் வாழ்க்கை எவ்வளவு மாறியிருக்கிறது என்று கேட்டு வந்து இங்கிலீஷில் எழுதிக் கொடுப்பது என் வேலை. கான்வென்ட்டில் பிரம்படியோடு கற்ற இங்கிலீஷ், கல்யாணத்துக்குப் பிறகு ஷாம்பு பாட்டில் படிக்க மட்டுமே உதவியது. அதனால் ஒப்புக்கொண்டேன். என்னைப் போல் கதவு தட்டித் திட்டு வாங்கியவர்களுக்குத் தெரியும், இந்த வேலையில் கண்ணெதிரே மாறுவது நம் செருப்பு ஒன்றுதான்.

அறிக்கை சரியில்லை என்றால் மத்தியான நிகழ்ச்சியை நிறுத்திவிடுவார்களாம். அதை நடத்தும் தமிழரசிக்கு வேலை போய்விடும். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிற பெண். அதனால் வாயை அடக்கிக்கொண்டு, "நல்லா இருக்கிறவங்க எதுக்குத் தம்பி அழணும்?" என்று மட்டும் கேட்டேன்.

"அழுதாதான் மேடம் மாற்றம் வந்திருக்குன்னு நம்புவாங்க."

தூக்கிய கைகள்

கருவேப்பிலங்குறிச்சியில் மகளிர் குழுவைக் கூட்டி, "நம்ம ரேடியோ கேக்குறவங்க கை தூக்குங்க" என்றேன். அத்தனை கையும் மேலே. பிரவீனுக்கு ஆனந்தம்; நாலு பக்கமும் நின்று படம் எடுத்தார். எனக்குத்தான் உறுத்தியது. அந்த ஊர்ப் பக்கம் நம் ரேடியோ எடுக்கவே எடுக்காது.

"எந்த நிகழ்ச்சி பிடிக்கும்?" என்றேன். கைகள் இறங்கின. ஒருத்தி மட்டும் கொஞ்சமும் வெட்கப்படாமல் எழுந்தாள்.

"ஆளுக்கொரு ரேடியோ குடுப்பீங்கன்னு சொன்னதாலதாங்க வந்தோம். மொதல்ல குடுங்க, அப்புறம் கேக்குறோம்."

பட்டறைக் காற்றாடி

பீங்கான் பொம்மைப் பட்டறைக்குப் போனபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம். பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள்; நடுவில் ஒரு போனில் நம் ரேடியோ; அதில் தமிழரசியின் குரல். கொஞ்ச நாள் முன்பு இவர்கள்தான் அவளுக்கு போன் போட்டு, பீங்கான் மாவுத் தூசியில் இருமி இருமிச் சாகிறோம் என்றிருக்கிறார்கள். அவள் ஒரு டாக்டரை அழைத்து வந்து பேச வைத்திருக்கிறாள். முதலாளி உள்ளே வரும் நேரம் பார்த்து இவர்கள் ரேடியோச் சத்தத்தைக் கூட்டிவிட்டார்கள். மறு வாரம் சுவரில் தூசி இழுக்கும் காற்றாடி. "ஊரே கேக்குதே, என்னம்மா செய்யிறது?" என்று முதலாளி என்னிடமே புலம்பினார்.

ஓடிப்போய் பிரவீனிடம் சொன்னேன். அவர் முகத்தில் ஈ ஆடவில்லை. "காற்றாடி நம்ம இலக்குல இல்லை மேடம். சாப்பிடறதுக்கு முன்னாடி கை கழுவறதுதான் இலக்கு. கழுவுறாங்களா, கேட்டீங்களா?"

திரும்பிப் போய், பிரவீன் கேட்கச் சொன்னதாகக் கேட்டேன். பொம்மைக்குச் சாயம் தீட்டிக்கொண்டிருந்த லட்சுமி தூரிகையைக் கீழே வைத்தாள்.

"ஏன், அந்தத் தம்பி வூட்டுல கழுவாமத்தான் சோறு திங்குமாங்க?"

கடைசிக் கூட்டம்

சென்னை ஆபீசிலிருந்து பெரியவர்கள் வந்தார்கள். திரையில் படம் ஓடியது: தூக்கிய கைகள், குழாயடியில் கழுவிய கைகள். பிரவீன் சும்மா இருப்பாரா? பட்டறைப் பெண்களைக் குழாயடியில் வரிசையாக நிறுத்திப் படம் பிடித்திருந்தார். காற்றாடியைத் தேடித் தேடிப் பார்த்தேன்; நான் எழுதிக் கொடுத்ததில் அந்தப் பத்தியே பறந்துவிட்டிருந்தது. கூட்டத்துக்குத் தலைவராக வந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, தமிழரசியை எதிரில் வைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"மத்தியான நிகழ்ச்சியில பெருசா ஒண்ணும் தெரியலை. அந்த நேரத்துக்கு கை கழுவுற பாட்டையே திருப்பித் திருப்பிப் போட்டுடலாம்."

தமிழரசி தலையை நிமிர்த்தவில்லை. நான் எழுந்துவிட்டேன். "சார், ஒரே ஒரு மத்தியானம் அந்தப் பட்டறையில வந்து உக்காந்து கேட்டுட்டு, அப்புறம் நிறுத்துங்க சார்" என்றேன். ஊர் பேசுவதைக் கேட்பதற்கென்றே ரேடியோ வைத்தவர்கள், வடைத் தட்டை அடுத்தவர் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தார்கள்.