தண்ணீர் நேரம் பார்த்துவிட்டுப் போகிறவர்கள்

இணையதளம் நடத்துவது என்றால், எட்டிப் பார்த்துவிட்டு நழுவுகிறவர்களைப் பேர் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லிக் கெஞ்சும் பிழைப்பு. நீங்களும் நடத்தியிருந்தால் என் பாடு புரியும். திண்டுக்கல்லில் இன்றைக்கு எந்தத் தெருவுக்கு எப்போது குழாய்த் தண்ணீர் வரும் என்று சொல்வதுதான் என் தளம். செலவைப் பார்த்துக்கொள்பவர் தண்ணீர்த் தொட்டி விற்கும் செல்வராஜ் அண்ணாச்சி. அவர் ஒருநாள் கறாராகச் சொல்லிவிட்டார்: "பாத்துட்டுப் போறவங்களால எனக்கு என்னம்மா லாபம்? பதிவு பண்ணுனாத்தான் கணக்கு. இந்த மாசத்துக்குள்ள உறுப்பினர் சேரலைன்னா மூடிருவோம்."

ஒரு போன் போதும்

ஆள் சேர்க்க பேகம்பூர் போனேன். ஒரு தெருவே என் தளத்தைப் புகழ்ந்து டீ கொடுத்தது. விசாரித்தால், பார்ப்பவர் தையல்கடை பாய் ஒருவர்தான். பார்த்ததும் தெருவில் நடந்துகொண்டே சத்தம் கொடுத்துவிடுவாராம். நீங்களாவது பதிவு செய்யுங்கள் பாய் என்றேன்.

"தெருவே எங்கிட்ட பதிவு பண்ணியிருக்கும்மா. நான் வேற தனியா எதுக்கு?"

அண்ணாச்சி வீட்டிலேயே

அண்ணாச்சியின் மனைவி தினமும் பார்ப்பவர். பதிவுப் பக்கம் வந்தால் மட்டும் மூடிவிடுவார். ஏன் மதினி என்று கேட்டேன்.

"நம்பரக் குடுத்தா, தொட்டி வாங்கு தொட்டி வாங்குன்னு ஒங்க அண்ணாச்சி எனக்கும் மெசேஜ் அனுப்புவாருல்ல?"

பூட்டு

வேறு வழியில்லாமல், திண்டுக்கல் முகவரியோடு பதிவு செய்தால்தான் பார்க்கலாம் என்று தளத்தைப் பூட்டினேன். மறுநாளே ஒரு பெண் போன் செய்தாள். அப்போது அண்ணாச்சி கடையில் இருந்தேன். அவருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

அவள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். இடுப்பில் ஆபரேஷன் ஆன அம்மா இங்கே தனியாக இருக்கிறார். தண்ணீர் வரும் நேரத்தை என் தளத்தில் பார்த்து, எதிர்வீட்டு அக்காவுக்கு இவள் போன் செய்வாள்; அக்கா வந்து பிடித்து வைப்பார். இன்றைக்கு இவள் திருப்பூர் முகவரியைக் கொடுக்க, தளம் திறக்கவில்லை. அம்மாவே குடத்தைத் தூக்கிவிட்டு, வலி தாங்காமல் படுத்திருக்கிறார்.

"எனக்கு அங்க தண்ணி வேணாம்க்கா. எங்கம்மா குடத்தத் தூக்காம இருந்தாப் போதும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணாச்சி போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நாளைக்குப் பாரு தாயி, தெறந்திருக்கும். பேரெல்லாம் ஒண்ணும் குடுக்க வேணாம்."

மாசம் முடிந்தும் தளம் ஓடிக்கொண்டிருக்கிறது. பதிவு செய்த ஒரே உறுப்பினர் அண்ணாச்சிதான், அவருக்கும் பாஸ்வேர்டு மறந்துவிட்டது.