அம்மாமாரின் சனிக்கிழமை வகுப்பு

அமரவிளையிலிருந்து தொலைபேசி வந்தபோது சவரம் செய்துகொண்டிருந்தேன். வனஜா டீச்சர் போய்விட்டாராம். பாதி முகத்தில் சோப்போடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவரிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. நாளை, நாளை என்றே காலத்தை ஓட்டிவிட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், கேரள எல்லையோரம் பாறசாலைப் பக்கம் எங்கள் பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதைச் சொல்லிக்கொடுக்கத் தற்காலிகமாக வந்தவர் அவர். நான் அலுவலக கிளார்க்; ஊர்வாயில் 'சாறு', அதாவது சார். அந்த அறை வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும்; கம்ப்யூட்டருக்குப் பூப்போட்ட உறை. கற்பூரம் காட்டாததுதான் பாக்கி.

அந்த வருடம் மதிப்பெண் பட்டியல் அதில் அச்சாகி வந்தது. மீன் விற்கிற, கூலிவேலைக்குப் போகிற அம்மாமார் ஒன்றும் கேட்காமல் கையெழுத்திட்டார்கள். டீச்சருக்குப் பொறுக்கவில்லை. சனிக்கிழமைகளில் அவர்களை வரவழைத்துக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்தார். "கைய வையுங்க அக்கா, கடிக்காது. நாம தட்டினதத்தான் அது காட்டும். தனியா புத்தியொண்ணும் இல்ல" என்பார்.

பொழியூர் லில்லியின் மகள் கணக்கில் தோற்றிருந்தாள். படிப்பை நிறுத்தி இறால் உரிக்க அனுப்புவதாக இருந்தார்கள். ஒரு சனிக்கிழமை லில்லி மகளின் விடைத்தாளோடு வந்து, அந்த மதிப்பெண்ணை ஒற்றை விரலால் தானே தட்டிப் பார்த்தார். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"தாளில அறுபத்தொண்ணு உண்டு. பட்டியலில பத்தொன்பது. பெட்டி தானா தெற்றாது. தட்டினது ஆராக்கும்?"

தட்டியது நான். தேர்வுக்கு வராத ஒரு பிள்ளைக்கு இடம் விடாமல் போனதில், அந்தப் பெயருக்குக் கீழே எல்லோருடைய மதிப்பெண்ணும் ஒரு வரி மேலே ஏறிவிட்டது. என் வேலை நிரந்தரமாக வேண்டிய மாதம் அது. பதிவேட்டைத் திறந்து குனிந்துகொண்டேன்.

"எனக்க தெற்றாக்கும்" என்று அந்தப் பிழையை ஏற்றுக்கொண்டார் டீச்சர்.

பிறகு வராந்தாவில் என்னிடம், "சாறுக்கு மூணு பிள்ளைகள் உண்டு. நான் ஒத்தக்கட்ட. விடுங்க" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

லில்லியின் மகள் படித்தாள். டீச்சரை மறுவாரமே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். சனிக்கிழமை வகுப்பும் அதோடு நின்றது. அம்மாமார் மறுபடியும் ஒன்றும் கேட்காமல் கையெழுத்திட்டார்கள். தாள்களை நீட்டியவன் நான்தான். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

டீச்சரைக் கிடத்தியிருந்த முற்றத்தில் லில்லி அழுதுகொண்டே சொன்னார்: "ஒரு தெற்று பற்றிச்சு. அத நாலுபேருக்க முன்ன சம்மதிச்சாங்க. வேற ஆரு செய்யும் சாறே?"

அப்போதும் தலையைத்தான் ஆட்டினேன்.

அவர் நினைவாக எழுதும் இதை வாசிக்கிற, டீச்சரை அறிந்த நீங்களும் அதை அவர் பிழை என்றே நினைத்திருப்பீர்கள். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, அவர் பெயரில் கிடக்கும் என் பிழை ஒன்றுதான். அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இந்தத் தாளோடு நாளை பொழியூர் போகிறேன். லில்லி முதலில் படிக்கட்டும்.